இறந்தவரிடம் கேட்கத் தெரிந்தவர்: புத்தியுள்ள நெக்ரோமான்சருக்கு எட்டு விதிகள்

(இணையவழி இலக்கியச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

இங்கே மெல்பேர்னில் இரவு பத்தரை மணி. லண்டன் நண்பர்களுக்கு மதியச் சாப்பாட்டு நேரம், டொராண்டோ நண்பர்கள் காலைக் காப்பியோடு உட்கார்ந்திருப்பது திரையில் தெரிகிறது. நேரம் ஒதுக்கி வந்ததற்கு நன்றி.

முன்பு ஒருமுறை மிகுபுனைவு இலக்கியம் பற்றிப் பேசியபோது, கேள்வி நேரத்தில் ஒரு இளைஞர் இப்படிக் கேட்டார்: "சார், கணினி விளையாட்டுகளில் நெக்ரோமான்சர் என்று ஒரு பாத்திரம் வருகிறதே, பிணங்களை எழுப்பிச் சண்டைக்கு அனுப்புகிறவன். கதைகளில் அவன் எப்போதும் கடைசியில் அழிந்துபோகிறான். இவர்களில் ஒருத்தனுக்குக்கூடவா புத்தி இல்லை? புத்தியோடு அந்தத் தொழிலைச் செய்தால் பிழைக்க முடியாதா?" எல்லோரும் சிரித்தோம். நேரமாகிவிட்டது என்று சொல்லி நானும் தப்பித்தேன். ஆனால் கேள்வி என்னை விடவில்லை. யோசித்துப் பார்த்தால், உலக இலக்கியத்தில் புத்தியோடு இந்த வேலையைச் செய்து பிழைத்தவர்கள் இருக்கிறார்கள். அழிந்தவர்கள் ஏன் அழிந்தார்கள் என்பதும் கதைகளிலேயே தெளிவாக இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் சில விதிகள் கிடைக்கின்றன. இன்றைய பேச்சு அந்த இளைஞருக்கான தாமதமான பதில்.

முதலில் சொல்லைப் பார்த்துவிடுவோம். நெக்ரோமான்சி என்பது கிரேக்கத்திலிருந்து வந்த சொல். நெக்ரோஸ் என்றால் இறந்த உடல். மாந்தேயா என்றால் குறி. ஆக, இறந்தவரிடம் குறி கேட்பது என்பதுதான் அதன் பொருள். பிணங்களைப் படையாகத் திரட்டுவது அந்தச் சொல்லில் இல்லை. இடைக்கால ஐரோப்பாவில் 'நெக்ரோ' என்பதை 'நிக்ரோ' என்று மாற்றி எழுதினார்கள். இலத்தீனில் அது கறுப்பைக் குறிக்கும் சொல். அங்கிருந்துதான் இது 'கறுப்பு வித்தை' ஆனது. எலும்புக்கூட்டுப் படை பரவலானது இருபதாம் நூற்றாண்டில், பரபரப்புக் கதை இதழ்களாலும் அவற்றைத் தொடர்ந்து வந்த விளையாட்டுகளாலும்.

இறந்தவரிடம் குறி கேட்பது என்றால் நமக்கு அந்நியமே இல்லை. கோடாங்கி உடுக்கடிக்கும்போது செத்துப்போன பாட்டி வந்து பேசுவதை நம்மில் சிலர் சிறுவயதில் பார்த்திருப்போம். அமாவாசைக்குச் சோறு வைத்துவிட்டு, காக்கை எடுக்கவில்லை என்றால் "அவருக்கு ஏதோ மனக்குறை" என்று கூடிப் பேசுகிற வீடுகள் நம்முடையவை. எனவே இது வெளியூர்ச் சரக்கு என்று நினைக்காமல் கேளுங்கள்.

விதி 1: கேள்வியை முடிவுசெய்துகொண்டு போங்கள்

இந்தத் துறையின் மூலநூல் என்று ஹோமரின் ஒடிசியைச் சொல்லலாம். அதன் பதினொன்றாம் காண்டத்தில் ஒடிசியஸ் இறந்தவர்களின் எல்லைக்குப் போகிறான். வழிமுறைகளைச் சொல்லிக் கொடுத்தவள் மாயக்காரி சிர்சி. ஒரு முழ நீள அகலத்தில் குழி வெட்ட வேண்டும். அதைச் சுற்றிப் பாலும் தேனும் கலந்து ஊற்ற வேண்டும், பிறகு திராட்சை மது, பிறகு தண்ணீர். மேலே பார்லி மாவு தூவ வேண்டும். ஒரு கிடாவையும் கறுப்புப் பெண்ணாட்டையும் அறுத்து இரத்தத்தைக் குழியில் விட வேண்டும். எள்ளும் தண்ணீரும் இறைத்துப் பழகிய நமக்கு இந்தப் பட்டியல் புரியும்.

இரத்த வாடைக்கு ஆவிகள் கூட்டமாக வருகின்றன. ஒடிசியஸ் வாளை உருவிக்கொண்டு குழியருகே உட்கார்ந்திருக்கிறான். அவன் வந்தது தைரேசியஸ் என்ற குருட்டுத் தீர்க்கதரிசியைப் பார்க்க. வீட்டுக்கு எப்படிப் போய்ச் சேர்வது என்பதுதான் கேள்வி. கூட்டத்தில் அவனுடைய அம்மா நிற்கிறாள். அவன் டிராய்க்குக் கிளம்பியபோது உயிரோடு இருந்தவள். அவள் இறந்த செய்தியே அவனுக்கு அங்கேதான் தெரிகிறது. அழுகிறான். ஆனாலும் தைரேசியஸ் வந்து பேசி முடிக்கும்வரை அவளைக் குழியின் பக்கம் விடுவதில்லை. இது கல்நெஞ்சம் அல்ல, ஒழுங்கு. வாசலைத் திறந்தால் நீங்கள் கூப்பிட்டவர் மட்டும் வரமாட்டார் என்பது அவனுக்குத் தெரியும். அந்த அம்மாவிடம் கடைசியில் திரும்பி வருவோம்.

1974இல் வெளியான 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற மேசை விளையாட்டை உங்கள் பிள்ளைகள் அறிவார்கள். அதன் ஐந்தாம் பதிப்பில் இறந்தவரோடு பேசும் மந்திரம் ஒன்று இருக்கிறது. ஒரு பிணத்திடம் ஐந்து கேள்விகள்தான் கேட்கலாம். கேட்டபின் பத்து நாட்களுக்கு அதே பிணத்திடம் மறுபடி கேட்க முடியாது. உயிரோடு இருந்தபோது அறிந்ததற்கு மேல் அதற்கு எதுவும் தெரியாது. உங்களை எதிரி என்று அது கருதினால் உண்மை சொல்லவேண்டிய கட்டாயமும் இல்லை. விளையாட்டு விதிதான். ஆனால் ஹோமரைப் படித்தவர் எழுதியதுபோல இருக்கிறது.

விதி 2: முதலில் மரத்தில் ஏறுங்கள்

பஞ்சதந்திரத்தில் நான்கு நண்பர்கள் கதை வருகிறது. மூன்று பேர் கரைகண்ட படிப்பாளிகள். நாலாமவனுக்குப் படிப்பு இல்லை, புத்தி மட்டும் இருந்தது. காட்டில் எலும்புகள் கிடக்கின்றன. ஒருவன் எலும்புகளைச் சேர்க்கிறான். அடுத்தவன் தசையும் தோலும் கொடுக்கிறான். மூன்றாமவன் உயிர் கொடுக்கப் போகும்போது நாலாமவன், "அது சிங்கம், வேண்டாம்" என்கிறான். அவர்கள் கேட்பதாக இல்லை. "சரி, நான் இந்த மரத்தில் ஏறிக்கொள்கிறேன், அதுவரை பொறுங்கள்" என்று ஏறுகிறான். சிங்கம் எழுந்து மூவரையும் கொன்றுவிட்டுப் போகிறது. அவன் இறங்கி வீட்டுக்குப் போகிறான்.

இதே கதை வேறு வடிவில் வேதாளக் கதைகளிலும் இருக்கிறது. அங்கே வேதாளம், நால்வரில் யார் மேல் குற்றம் அதிகம் என்று கேட்கிறது. உயிர் கொடுத்தவன் மேல்தான் என்கிறான் அரசன். மற்றவர்கள் என்ன விலங்கு என்று தெரியாமல் செய்தார்கள். இவன் சிங்கத்தின் உருவத்தைக் கண்ணால் பார்த்த பிறகும் செய்தான்.

பாதுகாப்பைத் தேடிக்கொண்டு தொழில் செய்தவர் என்றால் நான் விவிலியத்தின் எந்தோர் பெண்ணைத்தான் சொல்வேன். சாமுவேலின் முதலாம் புத்தகத்தில் வருகிறாள். தமிழ் விவிலியம் அவளை அஞ்சனம் பார்க்கிறவள் என்கிறது. சவுல் ராஜா இந்தத் தொழில் செய்பவர்களையெல்லாம் நாட்டைவிட்டுத் துரத்தியிருந்தான். பெலிஸ்தர் படையெடுத்து வந்தபோது அவனுக்குக் கனவிலும் பதில் வரவில்லை, தீர்க்கதரிசிகள் மூலமும் வரவில்லை. கடைசியில், தான் தடைசெய்த ஒருத்தியிடமே இரவில் மாறுவேடத்தில் போய் நிற்கிறான். அவள் உடனே சம்மதிக்கவில்லை. "சவுல் என்ன செய்திருக்கிறான் என்று உமக்குத் தெரியுமே, என்னைச் சிக்கவைக்கவா வந்தீர்?" என்ற பொருளில் கேட்கிறாள். தண்டனை வராது என்று கடவுள் பெயரால் அவனைச் சத்தியம் செய்யவைத்த பிறகுதான் வேலையைத் தொடங்குகிறாள். வந்தவன் சவுல்தான் என்று தெரிந்து அவள் அலறும்போது, அந்தச் சத்தியம் ஏற்கெனவே அவள் கையில் இருக்கிறது.

விதி 3: உடலின் நிலையைப் பாருங்கள்

ரோமானியக் கவிஞன் லூக்கன் முதல் நூற்றாண்டில் உள்நாட்டுப் போரைப் பற்றி ஒரு காவியம் எழுதினான். அதன் ஆறாம் காண்டத்தில் எரிக்தோ என்ற தெசலிய மந்திரக்காரி வருகிறாள். கல்லறைகளில் வாழ்கிறவள், பயங்கரமானவள். பர்சாலஸ் போருக்கு முன், பாம்பேயின் மகன் செக்ஸ்டஸ் அவளிடம் வந்து போரின் முடிவைக் கேட்கிறான். அவள் போர்க்களத்தில் பிணம் தேடும் முறையைக் கவனியுங்கள். புதிதாக இறந்ததாக இருக்க வேண்டும், நுரையீரல் கிழியாமல் இருக்க வேண்டும். காற்றில்லாமல் பிணம் எப்படிப் பேசும்? வீரம், குலம், அழகு எதையும் அவள் பார்க்கவில்லை.

இதைப் பார்க்காதவர்களின் கதைதான் டபிள்யூ. டபிள்யூ. ஜேக்கப்ஸ் 1902இல் எழுதிய 'குரங்கின் பாதம்'. மூன்று வரம் தரும் பாதம். முதல் வரத்தில் இருநூறு பவுண்டு கேட்கிறார்கள். மகன் இயந்திரத்தில் சிக்கி இறக்கிறான், இழப்பீடாக அந்தப் பணம் வருகிறது. அம்மா, மகனைத் திரும்பக் கேள் என்று கணவனை வற்புறுத்துகிறாள். அவர் தயங்குகிறார். மகன் இறந்து பத்து நாளாகிவிட்டது. உடலை அவர் பார்த்திருக்கிறார், உடையை வைத்துத்தான் அடையாளம் காண முடிந்தது. அம்மா பார்க்கவில்லை. அவளுக்குத் தெரிந்தது காலையில் வேலைக்குப் போன மகன். இரவில் கதவு தட்டப்படுகிறது. அவள் கதவைத் திறப்பதற்குள் அப்பா மூன்றாவது வரத்தைக் கேட்டுவிடுகிறார். என்ன கேட்டார் என்று கதை சொல்வதில்லை. கதவைத் திறந்தால் தெரு வெறிச்சோடிக் கிடக்கிறது.

நாம் கூப்பிடுவது நினைவில் இருப்பவரை. வருபவர் புதைகுழியிலிருந்து வருகிறவர். இரண்டுக்கும் உள்ள தூரத்தை முன்கூட்டியே அளந்துகொள்ள வேண்டும்.

விதி 4: விலையை உங்கள் கையிலிருந்து கொடுங்கள்

வேதாளத்தை நமக்கு அறிமுகப்படுத்தியது அம்புலிமாமா. முருங்கை மரமும், தோளில் பிணத்தைச் சுமந்து நடக்கும் அரசனும் உள்ள அந்தப் படம் எல்லோருக்கும் நினைவிருக்கும். பதினோராம் நூற்றாண்டில் காஷ்மீரில் சோமதேவர் தொகுத்த கதாசரித்சாகரத்தில் இந்தக் கதைகள் இருக்கின்றன. அதில் மரம் சிம்சபா. தமிழ் வழக்கில் முருங்கையாகிவிட்டது. நாம் அரசனையும் வேதாளத்தையும் நினைவில் வைத்திருக்கிறோம். இந்த வேலையையே தொடங்கிவைத்த சாமியாரை மறந்துவிடுகிறோம்.

அவர்தான் கதையின் நெக்ரோமான்சர். நாள்தோறும் அரசனுக்கு ஒரு பழம் கொண்டுவந்து கொடுக்கிறார். பழத்துக்குள் இரத்தினம். இப்படிக் கடன்படவைத்து, சுடுகாட்டு மரத்தில் தொங்கும் பிணத்தை எடுத்துவரச் சொல்கிறார். சுமப்பது அரசன், தலை வெடிக்கும் ஆபத்து அரசனுக்கு, சடங்கின் கடைசியில் பலியாக வேண்டியதும் அரசன். சித்தி மட்டும் சாமியாருக்கு. என்ன ஆகிறது? இரவெல்லாம் வேதாளத்தோடு பேசிக்கொண்டு நடந்தவன் அரசன். அதன் நட்பு அவனுக்குக் கிடைக்கிறது. சாமியார் உன்னை விழுந்து கும்பிடச் சொல்வார், எனக்குப் பழக்கமில்லை, நீங்கள் செய்து காட்டுங்கள் என்று சொல் என்று வேதாளமே வழி சொல்லிக் கொடுக்கிறது. குனிந்த சாமியாரின் தலை போகிறது.

வித்தை முழுவதும் தெரிந்தவர் அவர். ஆனால் பிணத்தை அவர் சுமக்கவில்லை, அது சொன்ன கதைகளையும் கேட்கவில்லை.

விதி 5: படை திரட்டாதீர்கள்

கிளார்க் ஆஷ்டன் ஸ்மித் 1932இல் 'வியர்ட் டேல்ஸ்' இதழில் ஒரு கதை எழுதினார். தலைப்பை 'நெக்ரோமான்சர்களின் பேரரசு' என்று மொழிபெயர்க்கலாம். இரண்டு மந்திரவாதிகள், கொள்ளைநோயில் அழிந்த ஒரு நாட்டுக்குப் போய், இறந்தவர்கள் அனைவரையும் எழுப்பித் தங்களுக்கு அடிமைகளாக்குகிறார்கள். மாளிகை, செல்வம், பணியாள் எதற்கும் குறைவில்லை. ஆனால் எழுப்பப்பட்ட அரசர்களில் ஒருவனுக்கு மெல்ல நினைவு திரும்புகிறது. தங்களை உறங்கவிடாதவர்கள் யார் என்று புரிகிறது. இறந்தவர்கள் மந்திரவாதிகளைத் தீர்த்துவிட்டுத் தங்கள் உறக்கத்துக்கே திரும்பிப் போகிறார்கள்.

நான் சொன்ன மேசை விளையாட்டும் இதை அறிந்திருக்கிறது. அங்கே எழுப்பிய எலும்புக்கூடு உங்கள் சொல் கேட்பது 24 மணி நேரம்தான். அதற்குள் மந்திரத்தைப் புதுப்பிக்காவிட்டால் அது பக்கத்திலேயே நிற்கும், ஆனால் உங்கள் பேச்சைக் கேட்காது. பத்து எலும்புக்கூடு வைத்திருப்பவனுக்குத் தூங்கி எழுந்ததும் அதுதான் முதல் வேலை. யார் யாருக்கு அடிமை என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

விதி 6: கெட்ட செய்திக்கும் இலை போடுங்கள்

மறுபடி எந்தோருக்கு வருகிறேன். சாமுவேல் எழுந்து வருகிறார். என்னை ஏன் தொந்தரவு செய்தாய் என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. பிறகு, நாளை நீயும் உன் பிள்ளைகளும் என்னோடு இருப்பீர்கள் என்கிறார். சவுல் நெடுஞ்சாண்கிடையாக விழுகிறான். இரவும் பகலும் அவன் எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை.

வந்த வேலை முடிந்தது, வந்தவன் தன் குலத்தொழிலையே தடைசெய்தவன். அந்தப் பெண் என்ன செய்கிறாள்? நீர் சொன்னதை நான் கேட்டேன், இப்போது நான் சொல்வதை நீர் கேளும், ஒருவாய் சாப்பிடும் என்று கெஞ்சுகிறாள். அவன் மறுக்கிறான், அவள் விடவில்லை. வீட்டில் இருந்த கொழுத்த கன்றை அடித்து, மாவு பிசைந்து, புளிப்பில்லாத அப்பம் சுட்டு, அவனுக்கும் கூட வந்தவர்களுக்கும் பரிமாறுகிறாள். சவுல் உண்ட கடைசிச் சாப்பாடுகளில் ஒன்று அது. மறுநாள் கில்போவா மலையில் அவன் கதை முடிகிறது.

இலக்கியத்தில் நான் படித்த நெக்ரோமான்சர்களில் மிகவும் புத்தியுள்ளவர் யார் என்று கேட்டால் இவளைத்தான் சொல்வேன். இறந்தவர் சொன்னதைத் தாங்கிக்கொள்ள வேண்டியது உயிரோடு இருப்பவர். அவருக்குப் பசிக்கும்.

விதி 7: எழுப்பியவருக்கு உரிமை இல்லை

வேதாளத்தின் இரண்டாவது கதை மந்தாரவதி. மூன்று பேர் அவளை மணக்கக் காத்திருக்கும்போது அவள் இறந்துவிடுகிறாள். ஒருவன் அவள் சாம்பல் மேலேயே படுத்துக் கிடக்கிறான். ஒருவன் எலும்பைக் கங்கைக்கு எடுத்துப் போகிறான். ஒருவன் ஊர் ஊராகத் திரிந்து உயிர்ப்பிக்கும் மந்திரத்தோடு வருகிறான். அவள் எழுகிறாள். யாருக்கு மனைவி? அரசன் சொல்கிறான்: உயிர் கொடுத்தவன் தகப்பன் முறை. எலும்பைக் கங்கையில் சேர்த்தவன் மகன் முறை. சாம்பலோடு கிடந்தவனே கணவன்.

இதைப் படித்ததும் எனக்கு மயிலாப்பூர் நினைவுக்கு வந்தது. பெரியபுராணத்தில் சிவநேசர் தன் மகள் பூம்பாவையைத் திருஞானசம்பந்தருக்கு என்று மனதில் வைத்திருக்கிறார். பாம்பு கடித்து அவள் இறந்துபோகிறாள். எலும்பையும் சாம்பலையும் குடத்தில் வைத்துக் காத்திருக்கிறார். சம்பந்தர் வந்து பதிகம் பாட, குடத்திலிருந்து அவள் எழுகிறாள். மணம் செய்துகொள்ளச் சிவநேசர் வேண்டும்போது சம்பந்தர் மறுத்துவிடுகிறார். நீர் பெற்ற பெண் இறந்துவிட்டாள், இவள் சிவனருளால் என் மூலம் உருவானவள், எனவே இந்தப் பேச்சு தகாது என்கிறார். சம்பந்தரை இந்தத் தொழிலில் சேர்க்கிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். அருள் வேறு, வித்தை வேறு. ஆனால் காஷ்மீரத்துக் கதையின் அரசனும் நம் சேக்கிழாரும் இந்த ஓர் இடத்தில் ஒரே முறையைச் சொல்கிறார்கள்.

அந்தப் பதிகத்தில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். எரிக்தோ பிணத்தை எழுப்பப் பாதாள தெய்வங்களை மிரட்டுகிறாள். சம்பந்தர் மிரட்டவில்லை. ஓணவிழா, கார்த்திகை விளக்கு, திருவாதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் என்று மயிலையின் திருவிழாக்களை வரிசையாகச் சொல்லி, இவற்றைப் பார்க்காமலா போவாய் என்று கேட்கிறார்.

விதி 8: திருப்பி அனுப்பிவையுங்கள்

எரிக்தோ கொடியவள்தான். ஆனால் சொன்ன சொல் தவறாதவள். உண்மையைச் சொன்னால், இனி எந்த மந்திரமும் உன்னைத் தொடாதபடி செய்துவிடுகிறேன் என்று பிணத்துக்கு வாக்குக் கொடுக்கிறாள். அது பேசி முடித்துவிட்டு, மறுபடி சாவைக் கேட்டு வாடிய முகத்தோடு நிற்கிறது. ஒருமுறை செத்தவனை விதி மறுபடி தொடாது. எனவே அவளே விறகு அடுக்கிச் சிதை மூட்டி, அவன் நடந்து வந்து ஏற, எரியவிடுகிறாள்.

ஒடிசியஸின் குழிக்கு முதலில் வந்த ஆவி எல்பெனோர். குடிபோதையில் சிர்சியின் கூரையிலிருந்து விழுந்து இறந்தவன். அவசரத்தில் நண்பர்கள் அவனை அடக்கம் செய்யாமல் வந்துவிட்டார்கள். அவன் கேட்டது ஒன்றுதான்: என்னை எரித்து, ஒரு மேடு எழுப்பி, அதன்மேல் என் துடுப்பை நடு. ஒடிசியஸ் திரும்பிப் போய் அதைச் செய்கிறான். பாதாளத்திலிருந்து வந்தபின் அவன் செய்த முதல் வேலை அது.

இந்த எட்டையும் சொன்னதும் அந்த இளைஞர், "நடைமுறையில் இதற்கு என்ன பயன்?" என்று கேட்கக்கூடும். இப்போது நம் கையில் இருக்கும் கருவிகளை நினைத்துக்கொண்டுதான் இதைச் சொல்கிறேன். 2020இல் தென்கொரியத் தொலைக்காட்சி ஒன்றில், நோயில் இறந்த சிறுமியை மெய்நிகர் உருவமாகச் செய்து அவளுடைய அம்மாவைச் சந்திக்கவைத்தார்கள். அந்த அம்மா கண்களை மூடிய கருவியோடு, காற்றில் கைநீட்டி மகளைத் தொட முயன்றார். 2024இல் வந்த 'லால் சலாம்' படத்தின் 'திமிரி எழுடா' பாடலில், மறைந்த பாடகர்கள் பம்பா பாக்கியா, சாகுல் ஹமீது இருவரின் குரலையும் செயற்கை நுண்ணறிவு மூலம் ஏ. ஆர். ரஹ்மான் கொண்டுவந்தார். குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கியதாகவும் உரிய ஊதியம் கொடுத்ததாகவும் அவரே அறிவித்தார். விலையைத் தன் கையிலிருந்து கொடுப்பது, உரிமை கொண்டாடாமல் இருப்பது என்ற இரண்டு விதிகள் அதில் இருக்கின்றன. பாட்டு பிடித்ததா பிடிக்கவில்லையா என்பது வேறு பேச்சு.

என் வீட்டுக் கதையையும் சொல்லிவிடுகிறேன். என் அம்மா திருநெல்வேலியில் 2021 மே மாதத் தொடக்கத்தில் இறந்தார். இந்தியாவிலிருந்து வரும் விமானங்களை ஆஸ்திரேலியா நிறுத்திவைத்திருந்த நாட்கள் அவை. போனால் எப்போது திரும்பலாம் என்று யாருக்கும் தெரியாது. நான் போகவில்லை. யாரோ ஒருவர் பிடித்திருந்த அலைபேசியில் எல்லாவற்றையும் பார்த்தேன். நடுவில் தொடர்பு அறுந்துபோனது. இங்கே கேட்டுக்கொண்டிருக்கும் பலருக்கு இதேபோல ஒரு நாள் இருக்கும் என்று தெரியும். அதனால் விரித்துச் சொல்லவில்லை.

அம்மாவின் குரல்பதிவுகள் இருநூறுக்கு மேல் என்னிடம் இருக்கின்றன. பெரும்பாலும், சாப்பிட்டியா, அங்கே குளிரா என்பதுதான். போன வருடம் அக்கா மகன் கேட்டான்: "மாமா, ஆச்சி வாய்ஸ் எல்லாம் வச்சிருக்கீங்கல்ல? அனுப்புங்க. ஆச்சி மாதிரியே பேசுற மாதிரி செஞ்சு தாறேன். நீங்க கேட்டா பதில் சொல்லும்." அன்பாகத்தான் சொன்னான். எனக்கு ஆசையும் வந்தது. பதிவுகளை ஒரு கோப்பில் சேர்க்கக்கூடத் தொடங்கினேன்.

அப்போதுதான் முதல் விதி நினைவுக்கு வந்தது. என்ன கேட்கப் போகிறேன்? ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். மற்றதெல்லாம் அடித்துவிட்டு ஒரே கேள்வி மிஞ்சியது: கடைசி நாளில் என்னைக் கேட்டாளா? அந்தக் கருவிக்கு இது தெரியாது. நான் கொடுத்த பதிவுகளுக்கு மேல் அதற்கு எதுவும் தெரியாது. கேட்டேன் என்று அது சொல்லும், அம்மாவின் குரலிலேயே சொல்லும், நானும் நம்பிவிடுவேன். அதுதான் பயமாக இருந்தது.

பதில் தெரிந்த ஒருவர் உயிரோடு இருக்கிறார். கடைசிவரை பக்கத்தில் இருந்தவர் என் சித்தி. இத்தனை வருடங்களில் அவரிடம் எத்தனையோ முறை பேசியிருக்கிறேன், இதை மட்டும் கேட்டதில்லை. பதில் என்னவாக இருக்குமோ என்ற பயம். அன்று கூப்பிட்டுக் கேட்டேன். சித்தி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "கேட்டா. போன் போடட்டுமான்னு கேட்டேன். வேண்டாம், அங்க ராத்திரியா இருக்கும், அவன் தூங்கட்டும்னுட்டா." அதற்குப் பிறகு, "இத்தன நாளா ஏன்டா கேக்கல? உங்கிட்ட சொல்லணும்னே இருந்தேன்" என்றார்.

அக்கா மகனிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவன் செய்வது தப்பு என்று நான் சொல்லவில்லை. வேறு ஒருவருக்கு வேறு கேள்வி இருக்கலாம். என் கேள்விக்கு அந்த வாசல் இல்லை, அவ்வளவுதான்.

ஒடிசியஸின் அம்மாவிடம் வருகிறேன். பெயர் ஆன்டிகிளியா. தைரேசியஸ் போனபின் அவள் குழியருகே வந்து இரத்தத்தைக் குடித்ததும் மகனை அடையாளம் காண்கிறாள். எப்படி இறந்தாய் என்று கேட்கிறான். நோயால் இல்லை, உன்னை நினைத்து ஏங்கியே போனேன் என்கிறாள். மனைவியைப் பற்றி, மகனைப் பற்றி, அப்பாவைப் பற்றிக் கேட்கிறான். எல்லாம் ஊர்ச் செய்திதான். அப்பா பண்ணை வீட்டில் குளிர்காலத்தில் வேலையாட்களோடு அடுப்புச் சாம்பலருகே படுத்துக்கொள்கிறார் என்கிறாள். மூன்று முறை அவளைக் கட்டிக்கொள்ளப் பார்க்கிறான். மூன்று முறையும் நிழல்போலக் கையிலிருந்து நழுவுகிறாள். ஏன் இப்படி என்று அழுகிறான். இறந்தால் இப்படித்தான், எலும்பும் சதையும் சேர்ந்திருக்காது என்று பிள்ளைக்குச் சொல்வதுபோல விளக்குகிறாள். பிறகு, சீக்கிரம் வெளிச்சத்துக்குப் போ, இங்கே பார்த்ததை எல்லாம் நினைவில் வைத்துக்கொண்டு உன் மனைவியிடம் சொல் என்று அனுப்பிவைக்கிறாள்.

கூப்பிட்டவன் அவன். ஆனால் விடைகொடுத்தது அவள். எட்டாவது விதியை அவனால் அந்த நேரத்தில் செய்ய முடியாது என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

கேள்வி கேட்ட இளைஞர் இன்று வந்திருக்கிறாரா தெரியவில்லை. வந்திருந்தால் ஒன்று சொல்வேன். பிழைத்த நெக்ரோமான்சர்கள் எல்லோரும் கேட்கப் போனவர்கள், கேட்டுவிட்டு வந்தவர்கள். உங்கள் கேள்விக்குப் பதில் தெரிந்தவர் யாராவது இன்னும் உயிரோடு இருந்தால், குழி வெட்டும் முன் அவரைக் கூப்பிட்டுப் பாருங்கள். ஊரில் இப்போது சாயங்காலம்தான், விழித்திருப்பார்கள்.

கேள்விகள் இருந்தால் கேட்கலாம்.